தேர்டு பார்ட்டி டெலி பிரைம் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடி அளந்து பாருங்கள்

அக்கா மகளின் அரங்கேற்றம். சின்ன சபா, இருநூறு பேர் உட்காரலாம். புதிதாக வாங்கியிருந்த 135 எம்எம் எஃப் 1.8 டெலி பிரைமை, அதாவது தூரத்தைக் கிட்டே இழுக்கிற, ஜூம் ஆகாத லென்ஸை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் கெத்தாகப் போய் உட்கார்ந்தேன். அலாரிப்பு ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவள் அரைமண்டியில் கைகளை விரித்தால் விரல் நுனி ஃப்ரேமுக்கு வெளியே போகிறது, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தால் தலைக்கு மேல் தூக்கிய கை வெட்டுப்படுகிறது, கையைக் காப்பாற்றினால் சலங்கை போய்விடுகிறது. எழுந்து பின்னால் போகலாம் என்றால் பின்னால் வரிசையாக மாமிகள், அதற்கும் பின்னால் வீடியோக்காரர் ட்ரைபாடை விரித்து வைத்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. முகங்கள் எல்லாம் பிரமாதமாக வந்திருந்தன, மூக்குத்தியில் விளக்கு மின்னுவது வரை தெரிந்தது. ஆனால் பாதம் தெரிகிற படம் மொத்தம் பதினொன்று. பரதநாட்டியத்தைப் பாதம் இல்லாமல் எடுத்துக் கொடுத்தால் ஆசிரியை என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

லென்ஸ் மேல் ஒரு குறையும் இல்லை. நான்தான் வாங்கும் முன் எல்லா ரிவ்யூவையும் பார்த்துவிட்டு, எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறேன் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டேன். தேர்டு பார்ட்டி லென்ஸ், அதாவது கேமரா கம்பெனி அல்லாத மற்ற கம்பெனிகள் செய்கிற லென்ஸ், வாங்கலாம் என்று வந்து "எந்த லென்ஸ் நல்லது" என்று யார் கேட்டாலும் நான் இப்போது திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான்: எவ்வளவு தூரத்தில் நின்று எடுப்பீர்கள், உங்கள் கேமரா பாடியின் மவுண்ட் (லென்ஸ் பொருந்துகிற வளையம்) என்ன? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் கடையில் இருக்கிற லென்ஸ்களில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

அடிக்கணக்கு

கணக்கு சுலபம். ஃப்ரேமுக்குள் எவ்வளவு உயரம் வேண்டுமோ அதை ஃபோகல் லெங்த்தால் (லென்ஸ் பெயரில் வருகிற எம்எம் எண்) பெருக்கி, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 36-ஆல் வகுங்கள், படுக்கையாகப் பிடித்தால் 24-ஆல் வகுங்கள், எல்லாம் எம்எம்-இல். இது ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது 36 x 24 எம்எம் சென்சார் இருக்கிற கேமராவுக்கு. நிற்கிற ஒருவரைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், செங்குத்துப் படத்துக்கு 85 எம்எம்-க்கு சுமார் பதினைந்தரை அடி, 105-க்கு 19 அடி, 135-க்கு 25 அடி, 200-க்கு 36 அடி தள்ளி நிற்க வேண்டும். அதே ஆளைப் படுக்கை ஃப்ரேமில் முழுசாக எடுக்க 135-க்கு 37 அடி ஆகிவிடும். நான் உட்கார்ந்திருந்த முதல் வரிசையிலிருந்து மேடை நடுவுக்கு அதிகம் போனால் 18 அடி இருந்திருக்கும். எங்கே சறுக்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

முகமும் தோளும் மட்டும் போதும் என்றால் கதை வேறு. 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் 85-க்கு ஐந்தரை அடி, 135-க்கு எட்டரை அடி. கல்யாணத்தில் மணமேடைக்குக் கீழே நின்று பெண்ணின் முகத்தை மட்டும் கேண்டிடாக எடுக்கிறவருக்கு அந்த எட்டரை அடி கச்சிதம். எட்டரை அடியில் நீங்கள் யார் கண்ணிலும் பட மாட்டீர்கள், ஐந்தரை அடியில் நின்றால் பெண்ணின் சித்தப்பா "தம்பி, கொஞ்சம் தள்ளு" என்பார்.

ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார் இருக்கிற ஏபிஎஸ்-சி பாடி வைத்திருப்பவர்கள் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்கிக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள், கேனன் என்றால் 1.6. அதனால்தான் 56 எம்எம் லென்ஸ் உங்களுக்கு 85-இன் வேலையைச் செய்கிறது, 75 எம்எம் லென்ஸ் கிட்டத்தட்ட 112 ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கு தெரியாமல் ஏபிஎஸ்-சி பாடிக்கு ஃபுல் ஃப்ரேம் 135 வாங்கி, வீட்டு ஹாலில் குழந்தையை எடுக்க முடியாமல் பால்கனிக்குப் போய் நின்ற நண்பர் ஒருவர் இருக்கிறார்.

கணக்கே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. கையில் இருக்கிற ஜூமை 85-இல் வைத்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு விழா முழுக்கத் திருப்பக் கூடாது. அடுத்த விழாவுக்கு 135-இல் ஒட்டுங்கள். எந்த நாளில் நீங்கள் அதிகம் எரிச்சலானீர்கள் என்பது போதும். காசு செலவில்லாத இந்த ஒரு சோதனையை யாருமே செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

வேகம் எதற்கு?

எஃப் எண் சின்னதாக, திறப்பு பெரிதாக இருக்கிற ஃபாஸ்ட் லென்ஸ் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பின்னணி மங்கலுக்காக வாங்குகிறார்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, இதைச் சொன்னால் சிலருக்கு வாங்கும் ஆசையே போய்விடும். ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது லென்ஸின் வாய் விட்டம். ஒரே அளவில் ஆளை ஃப்ரேமுக்குள் வைத்தால், தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை ஏறக்குறைய இந்த விட்டம்தான் முடிவு செய்கிறது. 135 எஃப் 1.8-க்கு 75 எம்எம். 85 எஃப் 1.4-க்கு 61. ஏபிஎஸ்-சி-யின் 75 எஃப் 1.2-க்கு 62 சொச்சம், அதாவது ஃபுல் ஃப்ரேம் 85 எஃப் 1.4-க்குச் சமமாக வருகிறது. 56 எஃப் 1.4-க்கு வெறும் 40. இப்போது 70-200 எஃப் 2.8 ஜூமை 200-இல் வைத்துக் கணக்குப் போடுங்கள்: 71. ஆக, ஏற்கனவே அந்த ஜூம் இருக்கிறவர் பொக்கேவுக்காக (அந்தப் பின்னணி மங்கலுக்காக) மட்டும் 135 எஃப் 1.8 வாங்கினால் 71-லிருந்து 75-க்குப் போகிறார். அவ்வளவுதான்.

வெளிச்சம் மட்டும் உண்மையிலேயே கிடைக்கும். எஃப் 2.8-ஐ விட எஃப் 1.8 ஏறக்குறைய 2.4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சபாவில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவு) 6400-இல் எடுத்துக்கொண்டிருந்ததை 2500 பக்கம் இறக்கலாம், அல்லது ஐஎஸ்ஓவை அப்படியே விட்டு ஷட்டரை 1/200 வினாடியிலிருந்து 1/500-க்கு ஏற்றலாம். ஜதி ஓடும்போது கை மங்காமல் நிற்பதற்கு இந்த 1/500 வேண்டும். அபிநயத்துக்கு 1/200 போதும், சில சமயம் 1/160-லும் தப்பிக்கலாம். பாடியில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், ஆடுகிற பிள்ளையை நிறுத்தாது.

மவுண்ட் விவகாரம்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ரிவ்யூ எல்லாம் சோனியில் எடுத்துக் காட்டப்படும், வாங்குகிறவர் கையில் இருப்பது கேனன்.

சோனி இ மவுண்ட் வைத்திருந்தால் கவலையே இல்லை. 2011-லேயே சோனி தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது, அதன் பலனை இன்றைக்கு நாம் அனுபவிக்கிறோம். சிக்மா, சாம்யாங், வில்ட்ராக்ஸ், சிருய் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். ஆனாலும் சில கதவுகளை சோனி தனக்கென்று மூடி வைத்திருக்கிறது. ஏ9, ஏ1 போன்ற பாடிகளில் தேர்டு பார்ட்டி லென்ஸ் மாட்டினால் வினாடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும், சோனியின் டெலிகன்வெர்ட்டரும் (ஃபோகல் லெங்த்தைக் கூட்டுகிற இடைத் துண்டு) இவற்றில் பொருந்தாது, வீடியோவில் ஃபோகஸ் மாறும்போது ஃப்ரேம் விரிந்து சுருங்குகிற ஃபோகஸ் ப்ரீதிங்கைச் சரிசெய்யும் வசதியும் சோனி லென்ஸுக்கு மட்டும்தான். கல்யாணம், அரங்கேற்றம் எடுக்கிறவருக்கு இதில் எதுவும் வலிக்காது. கிரிக்கெட் எடுக்கிறவர் யோசிக்கலாம்.

நிக்கான் இசட்டில் கதவு பாதி திறந்திருக்கிறது. வில்ட்ராக்ஸின் 85-ம் 135-ம் கிடைக்கும். சிக்மா இந்த மவுண்டுக்குக் கொண்டுவந்த பிரைம்கள் 16, 30, 56 என்று ஏபிஎஸ்-சி லென்ஸ்கள். ஆனால் இசட் மவுண்டின் ஃபிளேஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து சென்சார் வரை) 16 எம்எம், சோனியினுடையது 18. அந்த 2 எம்எம் இடைவெளியில் ஒரு மெல்லிய அடாப்டரை நுழைத்து, சோனி மவுண்ட் லென்ஸை ஆட்டோஃபோகஸோடு இசட் பாடியில் ஓட்டுகிறார்கள். டெக்ஆர்ட், மெகாடாப் அடாப்டர்கள் இந்த வேலைக்குத்தான். வீட்டில் விளையாட நன்றாக இருக்கும். முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் ஒலிக்கும்போது அடாப்டர் மக்கர் பண்ணினால் தாலி கட்டை ரீடேக் எடுக்க முடியாது, அதனால் காசு வாங்கிக்கொண்டு எடுக்கிற வேலைக்கு நான் இதை நம்ப மாட்டேன்.

கேனன் ஆர்எஃப்தான் கஷ்டம். வில்ட்ராக்ஸ் 85 எஃப் 1.8-ஐ ஆர்எஃப் மவுண்டில் ஆட்டோஃபோகஸோடு விற்றுக்கொண்டிருந்தது, 2022-இல் கேனன் காப்புரிமையைக் காட்டியதும் அது நின்றுபோனது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கிடைத்தது, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு. அதில் சிக்மா 56 எஃப் 1.4 இருக்கிறது, ஆர்7, ஆர்10 வைத்திருப்பவர்களுக்கு அது 90 எம்எம் மாதிரி வேலை செய்யும், தாராளமாக வாங்கலாம். ஃபுல் ஃப்ரேம் ஆர்6 வைத்திருக்கிறவருக்கு என் யோசனை பழைய வழி: 2017-இல் டிஎஸ்எல்ஆருக்காக வந்த சிக்மா 135 எஃப் 1.8 ஆர்ட் லென்ஸை ஈஎஃப் மவுண்டில் செகண்ட் ஹாண்டாக வாங்கி, கேனனின் சொந்த ஈஎஃப்-ஆர்எஃப் அடாப்டரில் மாட்டுங்கள். 1,130 கிராம், அடாப்டரோடு இன்னும் நீளம், ஆனால் படம் இன்றைக்கும் கூர்மை.

ஃபுஜி எக்ஸ்காரர்களுக்கு வில்ட்ராக்ஸ் 75 எஃப் 1.2, சிக்மா 56 எஃப் 1.4, சிருய் 56-ம் 75-ம். எல் மவுண்ட் (பானசோனிக், லைக்கா, சிக்மா கேமராக்களில் இருப்பது) என்றால் சிக்மாதான் தாய்வீடு.

என் கணிப்பு

ஒரே ஒரு லென்ஸ் வாங்க முடியும், ஃபுல் ஃப்ரேம், எல்லா விழாவும் எடுப்பேன் என்கிறவர் 135 பக்கமே போக வேண்டாம், சிக்மா 85 எஃப் 1.4 டிஜி டிஎன் ஆர்ட் போதும். 2020-இல் வந்தது, 630 கிராம், 77 எம்எம் ஃபில்டர். டிஎஸ்எல்ஆர் காலத்து சிக்மா 85-ஐக் கையில் பிடித்தவர்களுக்குத்தான் இந்த 630 கிராமின் அருமை தெரியும். அதைவிடக் குறைவான பட்ஜெட் என்றால் வில்ட்ராக்ஸ் 85 எஃப் 1.8, அல்லது சாம்யாங் 85 எஃப் 1.4-இன் இரண்டாவது பதிப்பு, அது இன்னும் இலேசு, 509 கிராம்தான்.

135-க்கு வந்தால் இரண்டு பேருக்குள்தான் போட்டி. சாம்யாங் 135 எஃப் 1.8 சோனி மவுண்டில் 2022-இல் வந்தது, 772 கிராம், சோனியின் சொந்த 135 ஜிஎம் 950 கிராம் என்பதை நினைத்துப் பாருங்கள். வில்ட்ராக்ஸ் 135 எஃப் 1.8 லேப் 2024-இல் வந்தது, ஒன்றேகால் கிலோ, மேலே ஒரு குட்டித் திரையில் அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஃபோகஸ் தூரமும் காட்டும், அறிமுக விலை 899 டாலர். சோனி ஜிஎம் 2019-இல் வந்தபோது 1,900 டாலர். சாம்யாங், வில்ட்ராக்ஸ் இரண்டில் எது கூர்மை என்று சண்டை போடுகிறவர்கள் படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள். நான் பார்ப்பது மணிக்கட்டை. அரங்கேற்றம் குறைந்தது இரண்டு மணி நேரம், கல்யாணம் என்றால் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி மதியப் பந்தி வரை. அவ்வளவு நேரம் ஒன்றேகால் கிலோவோடு பாடி எடையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தால் நாலாவது மணி நேரத்தில் ஃப்ரேம் கோணலாக ஆரம்பிக்கும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுக்கிறவர் வில்ட்ராக்ஸுக்குப் போகலாம், ஓடி ஓடி எடுக்கிறவருக்கு சாம்யாங். கடைக்குப் போனால் எடையை எண்ணாகப் பார்க்காமல் ஐந்து நிமிடம் கண்ணருகே தூக்கிப் பிடித்து நில்லுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

2025-இல் சிக்மா 135 எஃப் 1.4-ம் 200 எஃப் 2-ம் கொண்டுவந்தது, சோனிக்கும் எல் மவுண்டுக்கும். முதலாவது ஏறக்குறைய 1.4 கிலோ, இரண்டாவது 1.8 கிலோ, இரண்டுக்கும் ஃபில்டர் அளவு 105 எம்எம். 200 எஃப் 2 பெரிய அரங்குகளின் பின்வரிசைக்கும் உள்ளரங்க விளையாட்டுக்கும் அருமையான சாமான், அதன் வாய் விட்டம் 100 எம்எம். ஆனால் 3,000 டாலரைத் தாண்டுகிற விலை. மாதம் நாலைந்து வேலை வருகிறவர் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கைக்கு வந்ததும்

தேர்டு பார்ட்டி லென்ஸில் விலை குறைவதற்கு ஒரு காரணம், ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் வித்தியாசம் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம் என்பது. எனக்கு வந்த முதல் 85-இல் வலது ஓரம் முழுக்க வெண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருக்கிறது. விற்றவரிடம் சொன்னால் "எஃப் 1.4-ல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். எஃப் 1.4-இல் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மங்கினால் அது லென்ஸின் குணம், ஒரு ஓரம் மட்டும் மங்கினால் அது பழுது. இதைப் படத்தோடு காட்டி, திருப்பி அனுப்ப ஏழு நாள் இருந்ததில் ஆறாவது நாள் அனுப்பினேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பது எப்படி என்றால், செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுக்காதீர்கள், கேமரா அரை டிகிரி சாய்ந்தாலும் லென்ஸ் மேல் பழி விழும். மொட்டை மாடிக்குப் போங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை, அதன் ஜன்னல்கள் ஃப்ரேமின் இடது ஓரம் முதல் வலது ஓரம் வரை வருகிற மாதிரி வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து நடுவில் ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று. மங்கல் கட்டடத்தோடு இருந்தால் கட்டடத்தின் தப்பு, கேமராவோடு சேர்ந்து பக்கம் மாறினால் லென்ஸின் தப்பு. மாடியில் கானல் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்டோஃபோகஸ். வீட்டில் யாரையாவது உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லி, கண் ஃபோகஸைப் போட்டு இருபது படம் எடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தடவை, வெளியில் ஒரு தடவை. இருபதில் பதினாறு பதினேழு கூர்மையாக இருந்தால் எனக்குத் திருப்தி. பிறகு ஜரிகைப் புடவை ஒன்றை வெயிலில் காயப்போட்டு முழு அப்பர்ச்சரில் எடுங்கள், ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். நகையும் ஜரிகையும் இல்லாத ஊரில் எழுதுகிற ரிவ்யூவில் இது பெரிதாக வராது, நம்மூர்க் கல்யாணத்தில் ஃப்ரேமுக்கு நூறு மினுக்கல் இருக்கும்.

கேமராவை அணைத்துவிட்டு லென்ஸை ஆட்டினால் உள்ளே டக் டக் என்று ஏதோ உருளும். பயப்பட வேண்டாம். லீனியர் மோட்டார், வாய்ஸ் காயில் மோட்டார் இருக்கிற லென்ஸ்களில் கரண்ட் இல்லாதபோது ஃபோகஸ் கண்ணாடிக் கூட்டம் பிடிமானமில்லாமல் நகரும், ஆன் செய்தால் சத்தம் நின்றுவிடும். நின்றாக வேண்டும், நிற்கவில்லை என்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

ஃபர்ம்வேர், அதாவது லென்ஸுக்குள் ஓடுகிற சாஃப்ட்வேர் விஷயத்தில் ஒரு ஒழுங்கு வேண்டும். வில்ட்ராக்ஸ் லென்ஸில் மவுண்ட் பக்கமே யுஎஸ்பி-சி ஓட்டை இருக்கும், கம்ப்யூட்டரில் நேராகச் சொருகலாம். சாம்யாங்குக்கு லென்ஸ் ஸ்டேஷன் என்று ஒரு டாக் தனியாக வாங்க வேண்டும், அதன் காசையும் பட்ஜெட்டில் சேருங்கள். சிக்மாவின் மிரர்லெஸ் லென்ஸை பாடி வழியாகவே அப்டேட் செய்யலாம். எதுவானாலும், பாடிக்கு அப்டேட் வந்தால் உடனே போட்டுவிடாதீர்கள், லென்ஸ் கம்பெனி அந்த பாடி வெர்ஷனைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எந்த அப்டேட்டும் கூடாது.

எடுக்கும்போது

135-ஐ எஃப் 1.8-இல் திறந்து ஆறரை அடியில் ஒரு முகத்தை எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். ஒரு கண் கூர்மையாக இருந்தால், முகம் கொஞ்சம் திரும்பியிருந்தாலே மற்ற கண் போய்விடும். நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, ஜிமிக்கி எல்லாம் மின்னுகிற முகத்தில் கண் ஃபோகஸே சில சமயம் சுட்டிக்குத் தாவிவிடும். பத்தடிக்குப் போய் எஃப் 2.8-க்கு இறக்கினால் அந்த ஆழம் எட்டு சென்டிமீட்டர் ஆகிறது, பின்னணி அப்போதும் கரைந்துதான் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து நிற்கும்போது எஃப் 1.8 வைக்கிற ஆள் ஒருவரைத்தான் எடுக்கிறார். "அவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டு எஃப் 2.8-ல எடுக்கணுமா" என்று கேட்பார்கள். ஆமாம், பாதி நேரம் அப்படித்தான்.

நடுப்பகல் வெயிலில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/8000 பக்கம் போய் நிற்கும். பல பாடிகளில் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000 வரைதான். எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுங்கள், இல்லை என்றால் ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) வாங்குங்கள், இந்த லென்ஸ்களுக்குப் பெரும்பாலும் 77 அல்லது 82 எம்எம். இதோடு ஒட்டிய இன்னொரு பிரச்சினை பலருக்குத் தெரியாது: எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் என்ற ஷட்டர் வகை பல பாடிகளில் முதலிலேயே ஆனில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து 1/2000-க்கு மேல் எடுத்தால் பொக்கே வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு அரைநிலா மாதிரி வரும். லென்ஸைத் திட்டுவதற்கு முன் மெனுவில் போய் அதை அணைத்துப் பாருங்கள். ஒரு மாதம் நான் திட்டியிருக்கிறேன்.

சபாவுக்குள் ஷட்டர் சத்தம் வரக் கூடாது என்று முழு எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போவீர்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்ஈடி விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும், 1/500-இல் எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/100-க்கு இறங்கினால் பட்டை போகும், ஆனால் ஜதியில் கை மங்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் விளக்கு போட்டுப் பார்க்கும்போது நாலு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பட்டை விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டரும் ஆன்டி ஃப்ளிக்கரும் (விளக்குத் துடிப்புக்கு ஏற்ப எடுக்கிற வசதி) தான், சத்தத்துக்கு மிருதங்கம் பலமாக வாசிக்கிற இடமாகப் பார்த்து அழுத்துங்கள். உண்மையாகவே சொல்கிறேன், ஜதி முடிகிற தீர்மானத்தில் யாருக்கும் கேட்காது.

பில், பூஞ்சை

ஜிஎஸ்டி பில்லோடு, இந்திய வாரண்டி அட்டையோடு வாங்குங்கள். பில் இல்லாமல் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். சாதாரண 50 எம்எம் என்றால் துணிந்து பார்க்கலாம், பீஸுக்குப் பீஸ் மாறுகிற இந்த வகையில் வேண்டாம். இன்னொன்று, இவற்றை மறுபடி விற்கப் போனால் கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் அளவுக்கு விலை நிற்காது. அதையே திருப்பிப் பார்த்தால் செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவருக்கு லாபம், எனக்கு இப்போது இருக்கிற 85 அப்படி வந்ததுதான்.

செகண்ட் ஹாண்ட் என்றால் முன்பக்கம் ஒரு டார்ச்சை அடித்து பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். தூசி நாலைந்து இருந்தால் படத்தில் தெரியாது. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் லென்ஸைப் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைத்தால் பொங்கலுக்குள் பூஞ்சை குடியேறிவிடும். டிரை கேபினெட் இல்லாவிட்டால் ரப்பர் வளையம் போட்ட, காற்றுப் புகாத சோற்று டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு, முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 82 எம்எம் ஃபில்டரோடு 135 உள்ளே போகிற அளவு டப்பாவா என்று கடையிலேயே மூடிப் பார்த்து வாங்குங்கள். என் முதல் டப்பாவில் இப்போது முறுக்கு இருக்கிறது.